மணிக்கட்டைத் தாண்டக் கூடாது

ஒருவர் பேசுவதை என் சித்தி குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டாள் என்று யாராவது சத்தியம் செய்தாலும் நான் நம்ப மாட்டேன். ஆனால் அன்று காலை என் கண்ணால் பார்த்தேன். பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. சித்தியின் வாய்க்குள் பல் டாக்டரின் இரண்டு கைகளும், ஒரு குட்டிக் கண்ணாடியும், எச்சில் உறிஞ்சும் குழாயும் இருந்தன.

சித்தி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் சொந்தமாகத் துப்பறியக் கிளம்பிவிட்டாள். நான் அவளுடைய அக்கா மகன். மெத்தைக் கடை வேலை போன நாளிலிருந்து அவளுக்கு டிரைவர், எடுபிடி, அசிஸ்டென்ட் எல்லாம் நான்தான். "பார்ட் டைம் அசிஸ்டென்ட், ஃபுல் டைம் வாய்" என்று எல்லோரிடமும் அறிமுகப்படுத்துவாள். எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது என்பதை ஞாபகப்படுத்தினால், அதனால்தான் இன்னும் கேவலம் என்பாள்.

"மேடம், உங்க தொழில் என்னன்னு எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "போன தடவையே கேக்கணும்னு நினைச்சேன். தைரியம் வரல. வாயை நல்லா திறங்க."

"ஆ" என்றாள் சித்தி.

"என் வீட்டுக்காரரைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கணும்."

டிரில் சத்தத்துக்கு நடுவே கதை வந்தது. கணவர் ஃப்ளையிங் ஸ்கூலில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். போர்க்காலத்தில் விமானிகள் போட்ட லெதர் ஜாக்கெட் மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். பழைய அச்சில் அதையே புதிதாகத் தைத்து விற்கும் கடை ஊரில் ஒன்றுதான். கல்யாண நாளுக்கு டாக்டர் அங்கே போய் ஒன்று வாங்கினார். உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டுமே என்று இரண்டு சைஸ் பெரிதாகப் பார்த்து வாங்கினார்.

"ஃப்ளையிங் ஸ்கூல் பார்ட்டியில வச்சுக் கொடுத்தேன். போட்டுக்கிட்டார். ஜாக்கெட் கை, விரல் முட்டி வரைக்கும் வந்துச்சு. இதுல குடும்பமே குடியிருக்கலாம்னு சொல்லிச் சிரிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அப்படியே முகம் செத்துப்போச்சு. வீட்டுக்கு வந்து பிடிபிடின்னு பிடிச்சேன். எங்கயாவது போய்த் தொலைங்கன்னு கத்தினேன்." டாக்டர் டிரில்லை நிறுத்தினார். "விடிஞ்சு பாத்தா ஆளும் இல்ல, பைக்கும் இல்ல. நாலு நாள் கழிச்சு ஒரு மெசேஜ். நல்லா இருக்கேன், தேடாதேன்னு. ஒன்றரை வருஷம் ஆச்சு."

"ஆங்?" என்றாள் சித்தி. எதற்கு இப்போது என்று கேட்கிறாள் என எனக்குப் புரிந்தது. டாக்டருக்கும் புரிந்துவிட்டது.

"சந்தோஷமா இருக்கார்னு தெரிஞ்சா விட்டுடுவேன் மேடம். நான் சொன்ன வார்த்தையாலதான் போனார்னா, கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேப்பேன். ரெண்டுல எதுன்னு தெரியாமத்தான் வெந்துக்கிட்டிருக்கேன்."

மேஜை இழுப்பறையிலிருந்து மடித்த வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கணவருடைய யூனிஃபார்ம் சட்டை. அதை எதற்குக் கிளினிக்கில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். சித்தி என் காலை மிதித்தாள்.

*

ஜாக்கெட் கடைக்குள் நுழைந்தபோது சித்தியின் பாதி முகம் மரத்துப்போயிருந்தது. பேசினால் பாதி வார்த்தை உதட்டிலேயே தங்கிவிட்டது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் எந்தப் படையிலும் இருந்தவர் இல்லை. ஆனால் மீசையும் நெஞ்சும் பார்த்தால் சல்யூட் அடிக்கத் தோன்றும். மின்விசிறிக்கு நேர் கீழே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வியர்த்துக்கொண்டிருந்தார். மனசுக்குள் அவருக்குக் கர்னல் என்று பெயர் வைத்தேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்று ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன். இடுப்பு மறைந்தது, பின்பக்கமும் மறைந்தது. கண்ணாடியில் கம்பீரமாகத்தான் இருந்தேன்.

"உக்காருங்க" என்றார் கர்னல்.

"பரவாயில்ல, நிக்கறேன்."

"யோவ், உக்காருய்யா!"

ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜாக்கெட்டின் அடிப்பக்கம் மடியில் இடித்தது. மொத்தத் தோலும் மேலே ஏறி, காலர் காது வரைக்கும் வந்துவிட்டது. சித்திக்குப் பாதி முகத்தில் மட்டும் சிரிப்பு வந்தது.

"இது பஸ்ஸுக்கு நிக்கறவனுக்குத் தச்ச ஜாக்கெட் இல்ல. உக்காந்து விமானம் ஓட்டறவனுக்குத் தச்சது" என்றார் கர்னல். என்னைப் பிடித்து உருவிவிட்டுச் சின்னதாக ஒன்றை மாட்டினார். "இப்ப ரெண்டு கையையும் முன்னாடி நீட்டு. ஸ்டியரிங்கைப் பிடிச்ச மாதிரி. பாத்தியா? இடுப்பு பெல்ட்டுல நிக்குது. கை மணிக்கட்டுல நிக்குது. எழுந்து நின்னா குட்டையாத்தான் இருக்கும், கை நீளமாத் தெரியும். அதுதான் சரியான சைஸ். நின்னுக்கிட்டே கண்ணாடி பாக்கறவன் பூரா பெருசா வாங்கிட்டுப் போவான். வீட்டுக்குப் போனதும் பெண்டாட்டி சிரிப்பா."

"பெண்தாத்தியே வாங்கினா?" என்றாள் சித்தி.

"என்ன?"

"பெண்டாட்டியே வாங்கினான்னு கேக்கறாங்க" என்றேன்.

கர்னலின் மீசை சற்று இறங்கியது. "அப்படியும் ஒருத்தங்க வந்தாங்க. டாக்டரம்மா. உள்ள ஸ்வெட்டர் போடணும், ரெண்டு சைஸ் பெருசு வேணும்னாங்க. வேணாம்மான்னு சொல்ல ஆரம்பிச்சேன். அவங்க அவசரத்துல இருந்தாங்க." துணியை எடுத்து, துடைக்கத் தேவையில்லாத மேஜையைத் துடைத்தார். "விக்காமக் கிடந்த சைஸ். கட்டிக் கொடுத்துட்டேன். அதை நினைச்சா இப்பவும் கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு."

சித்தி பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து அதே மேஜையில் விரித்தாள். இடது தோள் தையலைத் தொட்டுக் காட்டினாள். வலதைவிட இடது ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

கர்னல் கண்ணைச் சுருக்கினார். "அட! இந்தத் தோளுக்கு ஒரு ஜாக்கெட் தச்சு வச்சிருக்கேனே!" உள்ளே போய் ஒன்றைத் தூக்கி வந்தார். "இவர் நிஜமான பைலட்டுங்க. ஆளை நான் பாத்ததில்ல, தோள் இறக்கம் உள்பட அளவெல்லாம் போன்லதான். ஆனா ஜாக்கெட்டைப் பத்தி அப்படித் தெரிஞ்சிருக்கு. முன்பக்கம் இன்னும் குட்டையா வைங்க, முதுகுல தாராளமா விடுங்க, கைக்குழியை அகலமா வெட்டுங்கன்னார். கைநுனியில கம்பளிப் பின்னல் வேணாம், சீக்கிரம் தேஞ்சுடும், தோலே வச்சுடுங்கன்னார். நின்னா எப்படி இருக்கும்னு யோசிக்காதீங்கன்னு வேற சொன்னார். நான் முப்பது வருஷமாத் தொண்டை கிழியச் சொல்றதை ஒரு மனுஷன் அவராவே சொல்றார்! அழுகையே வந்துடுச்சுங்க."

"வேத என்ன?"

"ஒரே ஒரு விஷயத்துலதான் எங்களுக்குள்ள சண்டை. கை நீட்டி ஓட்டற ஆளுக்குக் கை கொஞ்சம் நீளமா வேணும். இவர் ஒத்துக்கவே இல்ல. மணிக்கட்டு எலும்பைத் தாண்டக் கூடாது, தாண்டினாத் திருப்பி அனுப்பிடுவேன்னார். எல்லாம் தெரிஞ்ச மனுஷன் இதுல மட்டும் ஏன் இப்படின்னு எனக்குப் புரியல. இதோ, இன்னிக்கு வாங்கிக்க ஆள் வருது."

சித்தி ஏதோ சொல்ல வந்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. முப்பது, முப்பத்திரண்டு வயதுப் பெண். கையில் ஸ்கூட்டர் சாவி. கர்னலிடம் ஜாக்கெட்டை வாங்கித் தன் மேல் போட்டுப் பார்த்தாள். காலரை மோந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டே போனில், "வாங்கிட்டேன். அழகா இருக்கு. இருங்க, வந்து நானே போட்டுவிடறேன்" என்றாள்.

சித்தி எனக்குக் கண் ஜாடை காட்டினாள். வெளியே போய் வண்டி நம்பரைப் பார் என்று அர்த்தம். நான் பார்த்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷன்.

டாக்டர் எத்தனை நாளாக வெந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியது. சித்தி சொல்வதற்கு முன் நானே ஒரு கேஸை முடித்துவைக்கலாம் என்றும் தோன்றியது. போனைப் போட்டேன்.

"டாக்டர், கண்டுபிடிச்சாச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஐயா சௌக்கியமா இருக்கார். புது ஜாக்கெட், அதை ஆசையாப் போட்டுவிட ஒரு பொண்ணு. இப்பத்தான் கண்ணால பாத்தேன்."



"சரி" என்றார். "ரொம்ப தேங்க்ஸ். இதோட விட்டுடுங்க."

*

ஸ்கூட்டருக்குப் பின்னால் காரை ஓட்டினேன். சித்தி கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"மரப்பு விடுது" என்றாள், கிட்டத்தட்ட ஒழுங்காக. "இனிமே உனக்குக் கஷ்டகாலம். என்ன முகத்துல இவ்வளவு வெளிச்சம்?"

"நம்ம கேஸ் முடிஞ்சுது சித்தி. முன்பக்கம் குட்டை, முதுகு தாராளம். மனுஷன் நல்லா சாப்பிட்டுத் தொப்பை போட்டிருக்கார். சமைச்சுப் போடற ஆளையும் பாத்தாச்சு. டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தொப்பை போட்டவன் எங்க அகலம் கேப்பான்?"

"வயித்துல."

"இவர் வயித்துல கேட்டாரா?"

"இல்ல. முதுகுல. கைக்குழியில."

"கையை முன்னாடியும் பின்னாடியும் தள்ளிக்கிட்டே இருக்கற ஆளுக்குத்தான் அங்க இடம் வேணும். பைலட் ஸ்டியரிங்கைப் பிடிக்கறான், தள்ளறதில்ல. கைநுனியில கம்பளி ஏன் தேயும்? எதுலயோ ஓயாம உரசுது. சுத்தற ஒண்ணுல."

"சித்தி..."

"நின்னா எப்படி இருக்கும்னு யோசிக்காதீங்கன்னாராம். எந்த பைலட்டும் விமானத்தை விட்டு இறங்குவான்டா. கண்ணாடி முன்னாடி நிப்பான். இவர் நிக்கறதே இல்ல."

"சக்கர நாற்காலி" என்றேன்.

"இதைச் சொல்லத்தான் அங்க வாயைக் கோணிக்கிட்டிருந்தேன். நீ அதுக்குள்ள போனைத் தூக்கிட்டுப் போயிட்ட."

வண்டியை ஓரமாக நிறுத்தவேண்டும்போல இருந்தது. ஸ்கூட்டர் போய்விடும் என்பதால் நிறுத்தவில்லை. ஒரு கையால் டாக்டருக்குப் போட்டேன். கட் செய்தார். திரும்பப் போட்டேன். திரும்பவும் கட் செய்தார். நல்லது செய்கிறேன் என்று நினைத்து ஒரு பெண்பிள்ளையின் தலையில் கல்லைப் போட்டிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்தால்கூடத் தகும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"அதுக்கு நேரம் இருக்கு. ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள் சித்தி. "கை நீளம் மட்டும்தான் இன்னும் உதைக்குது. மணிக்கட்டைத் தாண்டக் கூடாதுன்னு ஏன் அப்படி ஒரு பிடிவாதம்?" கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு, "ஐயோ" என்றாள். என்ன என்று கேட்டதற்கு, அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றாள்.

*

ஸ்கூட்டர் ஒரு மாடி வீட்டின் முன் நின்றது. கீழ்வீட்டு வாசலில் படிகளின் மேல் சாய்வாகப் பலகை போட்டிருந்தது. ஸ்கூட்டர் பெண் எங்களை வாசலிலேயே மறித்தாள். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சித்தி சொன்னதும் அவள் முகம் மாறியது.

"நான் இவருக்கு பிசியோதெரபிஸ்ட். மாடியில நானும் என் வீட்டுக்காரரும் பசங்களும் இருக்கோம். கீழ இவர் குடியிருக்கார்" என்றாள். "யாராவது வரமாட்டாங்களான்னு நான்தான் தினம் வேண்டிக்கிட்டிருந்தேன். உள்ள வாங்க."

அறையில் மூன்று பெரிய திரைகள், விமானத்தில் இருப்பதுபோல ஒரு பிடி, காதில் மாட்டும் கருவி. கம்ப்யூட்டர் வழியாக டாக்டரின் கணவர் இன்னும் விமானம் ஓட்டத்தான் கற்றுக்கொடுக்கிறார். புது ஜாக்கெட் மடியில் இருந்தது. சக்கர நாற்காலியிலிருந்து எங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவ அனுப்பினாளா?"

"ஆமா" என்றாள் சித்தி. "முதல்ல ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்க."

போட்டுக்கொண்டார். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் தோளைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்க்கவில்லை. கையை நீட்டி மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

"பிரேக்கா, கிளட்ச்சா?" என்று கேட்டாள் சித்தி.

அவர் நீட்டிய கையைச் சட்டென்று மடியில் இறக்கிக்கொண்டார்.

"பிரேக்" என்றார்.

பிசியோ பெண் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கும் இது தெரியாது போல.

"அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல" என்றார். "ஆசையா வாங்கிக் கொடுத்தவளை அத்தனை பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டேனேன்னு இருந்துச்சு. விடியக்காலைல அந்த ஜாக்கெட்டையே போட்டுக்கிட்டு பைக்கை எடுத்தேன். ஃப்ளையிங் ஸ்கூலுக்குப் போய், சிரிச்சவங்க எல்லார் முன்னாடியும் இதோடதான் கிளாஸ் எடுக்கறதுன்னு முடிவு பண்ணினேன். ஒரு திருப்பத்துல லாரி குறுக்க வந்துச்சு. பிரேக்கைப் பிடிச்சேன். ஜாக்கெட் கை இறங்கி விரலை மூடியிருந்துச்சு. தோல்தான் கைக்குள்ள வந்துச்சு. பிரேக் வரல."



"ஆஸ்பத்திரியில நினைவு வந்ததும் முதல்ல அவ முகம்தான். ஒரு பேஷண்டுக்குப் பல் எடுத்து, வலி ரெண்டு நாள் அதிகமா இருந்தாலே ராத்திரியெல்லாம் உக்காந்திருப்பா. நான் வாங்கிக் கொடுத்ததாலதான்னு தெரிஞ்சா அவ தாங்குவாளா? எவளையோ தேடிப் போயிட்டான்னு திட்டிக்கிட்டாவது இருக்கட்டும்னு நினைச்சேன்."

"இப்ப அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்றேன். நான் செய்த வேலையைச் சொன்னேன்.

அவர் என்னைக் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லதாப் போச்சு. அப்படியே விட்டுடுங்க" என்றார்.

"அவங்க இத்தனை நாளா நிம்மதியாத் தூங்கறாங்கன்னு நினைப்பா?" என்றாள் சித்தி. "உங்க சட்டையைக் கிளினிக் இழுப்பறையில வச்சுக்கிட்டு வேலை பாக்கறாங்க. போய்த் தொலைங்கன்னு சொன்னதுக்கு உங்க கால்ல விழக் காத்திருக்காங்க. அந்தப் பாரத்தையும் சுமந்தாச்சு, இப்ப இவன் புண்ணியத்துல இன்னொண்ணு." என் பக்கம் திரும்பினாள். "நீ போட்ட முடிச்சு. நீயே அவிழ்."

"எடுக்க மாட்டேங்கறாங்க சித்தி."

"கிளினிக் நம்பருக்குப் போடு. பல் வலி உயிர் போகுதுன்னு சொல்லு."

போட்டேன். ரிசப்ஷன் பெண்ணிடம் அழாத குறையாகச் சொன்னேன். அது நடிப்பு இல்லை. போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சொல்லுங்க, எந்தப் பல்?" டாக்டரேதான்.

"டாக்டர், வச்சுடாதீங்க. நான்தான். காலைல நான் சொன்னது எல்லாம் தப்பு. அந்தப் பொண்ணு பிசியோதெரபிஸ்ட். அவருக்கு பைக் ஆக்சிடென்ட். முதுகெலும்பு. நடக்க முடியாது. வேற யாரும் இல்ல, எப்பவும் இருந்ததில்ல. நான் ஒரு முட்டாள் டாக்டர்."

டாக்டர் கேட்டார்: "என்னிக்கு நடந்துச்சு?"

"சண்டைக்கு மறுநாள் காலைல."

"என்ன போட்டிருந்தார்?"

நான் சித்தியைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"சட்டைதான்மா" என்றார். "வெறும் சட்டைதான். ஜாக்கெட்டை அன்னிக்கே ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் அங்கே அழுகை வெடித்தது. அது அடங்கும்வரை அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எதுக்கு ஒளிஞ்சிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

அவர் போனை மடியில் இறக்கினார்.

"கால் போனதுக்கா? அதுக்கெல்லாம் என்னை விட்டுட்டு ஒளியற ஆள் இல்ல நீங்க. எனக்கு உங்களைத் தெரியாதா? ஜாக்கெட் போடலன்னா நேரா என்கிட்ட வந்திருப்பீங்க. உண்மையைச் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் சித்தியை இப்படி ஒருவர் முந்தி நான் பார்த்ததில்லை. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை.

"போட்டிருந்தேன்" என்றார் அவர். "கை விரலை மூடிடுச்சு. நான் சிரிச்சிருக்கக் கூடாதுடி. அதுக்குத்தான் போட்டுக்கிட்டுக் கிளம்பினேன்."

"கடைக்காரர் வேணாம்மான்னு ஏதோ சொல்ல வந்தார்" என்றது அந்தக் குரல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "நான்தான் நின்னு கேக்கல. உங்களுக்குக் குளிருமேன்னுதான்... நான்தான் கேக்கல."

"அழாதே. இதுக்குத்தான் நான் சொல்லல."

"சொல்லாம இருந்தா நான் அழலேன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

பிசியோ பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். போனில் நாற்காலி நகரும் சத்தமும், இன்னிக்கு இனி யாரையும் பாக்க முடியாது, நாளைக்கு வரச் சொல்லு என்று டாக்டர் யாரிடமோ சொல்வதும் கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பி வந்தார்.

"எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். போனை என் பக்கம் நீட்டினார். போனை வாங்கி, தெருவையும் வீட்டு நம்பரையும் நான் சொன்னேன்.